டொக்காவின் வயிறும் மணப்பெண் சேணமும்

ஐம்பத்தெட்டு வயதில் தனக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாய் மூடுமுன்னே ரன்வெய் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். என் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். காப்பி சிந்தியது. அது எனக்கும் தொற்றிக்கொண்டது. மாப்பிள்ளை யார் என்று கேட்கவே எனக்கு வெகுநேரம் பிடித்தது.

மாப்பிள்ளை சீவெர்ட். எங்கள் நார்வே மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியோர்டின் இக்கரைக்கும் அக்கரைக்கும் கார்களையும் ஆட்களையும் ஏற்றிப் போகிற ஃபெர்ரியின் கேப்டன். மனைவியை இழந்து பல வருஷமான மனிதர். வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டார், கையில் ஒலிபெருக்கி இருந்தால் தவிர.

"எப்படிடி கேட்டான்?" என்றேன்.

"எங்க நேர்ல கேட்டான்? நான் கீழே டிராக்டர்ல உக்காந்திருக்கேன். மேலேர்ந்து மைக்குல சொல்றான், 'மூணாவது வரிசையில பச்சை டிராக்டர்ல இருக்கிற அம்மா, கரை வந்ததும் இறங்க வேணாம், ஆயுசு பூரா இங்கயே இருந்துக்கலாம்'னு. கப்பல் நிறைய ஜெர்மன்காரங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியல. ஆனா எல்லாரும் கைதட்டினாங்க!"

மறுபடி சிரிப்பு. பிறகு சட்டென்று நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் குதிரையிலதான் போவேன்" என்றாள்.

அது ஏன் என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும், கண்ணுகளா. எங்கள் பக்கத்தில் மணப்பெண் வெள்ளிக் கிரீடம் வைத்துக்கொண்டு, குதிரைமேல் ஒருபக்கமாக உட்கார்ந்து தேவாலயம் போவாள். முன்னால் பிடில்காரர் வாசித்துக்கொண்டு நடப்பார். ஊரார் பின்னால் வருவார்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஒருத்தர் நடக்க வேண்டும். குதிரை வைத்திருப்பவள் ரன்வெய். ஆகவே அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கரையில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கடிவாளம் பிடித்து நடந்தவள் அவள்தான். மழையிலும் சேற்றிலும் நடந்தாள். தன் தங்கைக்கு நடந்தாள். தங்கை மகளுக்கும் நடந்தாள்.

"இந்த ஊர்ல எல்லாப் பொண்ணுங்க செருப்பும் எனக்கு அத்துப்படி" என்றாள் என்னிடம். "என் தோள் பக்கத்துல ஆடிட்டே வரும். மேல உக்காந்தா என்ன தெரியும்னு ஒரு தடவையாவது பாக்கணும்."

நாள் குறித்தாயிற்று, ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை. மே முடியும்போது தேவாலயப் பரணிலிருந்து மணப்பெண் சேணத்தை இறக்கிக் கொண்டுவந்தோம். ஊருக்கே பொதுவான ஒரே சேணம் அது. டொக்காவின் முதுகில் வைத்துப் பார்த்தோம்.

டொக்கா ரன்வெய்யின் பெண்குதிரை. மணல் நிறம், நடுவில் கறுப்புக் கோடு ஓடும் குட்டைப் பிடரி, ஊரில் எல்லாரையும் தனக்குக் கடன்பட்டவர்களாகப் பார்க்கும் கண். குன்றின்மேல் புல்வெளியில் பிறந்து, அங்கேயே வளர்ந்தவள். பனி முதுகில் ஒரு சாண் உயரத்துக்கு விழுந்தாலும் உதறிவிட்டு நிற்பாள். கதவு வைத்த எதற்குள்ளும் அவள் நுழைந்ததில்லை. அந்த வசந்தத்தில் புல் நன்றாக வந்திருந்தது. அவளும் நன்றாக வந்திருந்தாள். சேணத்தின் வயிற்றுவாரை நான் ஒருபக்கமும் ரன்வெய் ஒருபக்கமும் இழுத்தோம். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு ரொட்டி வைக்கலாம் போல இடைவெளி.

"வாருக்கு ஒரு ஒட்டுப் போட்டாப் போச்சு" என்றாள் ஹெர்போர்க். எங்கள் மாதர் சங்கத் தலைவி. எதற்கும் ஒரு ஒட்டு அவளிடம் இருக்கும்.

கால்நடை மருத்துவர் சூல்ஃப்ரிட் வந்தாள். வாரைப் பார்க்கவே இல்லை. நேராக டொக்காவின் கழுத்து மேட்டைப் பிடித்து அழுத்தினாள். "இங்க தொட்டுப் பாரு. கல்லு மாதிரி இருக்கு. இப்படியே மேஞ்சா குளம்பு உள்ளுக்குள்ள வெந்துபோயிடும். அப்புறம் தேவாலயம் வேணாம், தண்ணித் தொட்டிவரைக்கும்கூட நடக்க மாட்டா."

"என்ன பண்ணணும்?"

"ராத்திரி லாயத்துல அடை. உலர்புல்லைத் தண்ணில ஊறவச்சு, பிழிஞ்சு, கொஞ்சமா போடு. கல்யாண வாரத்துல வந்து இதே இடத்தை அழுத்துவேன். இளகியிருந்தா ஏறிக்கோ. இல்லேன்னா ஏற விடமாட்டேன், நீ கிரீடம் வச்சிருந்தாலும் சரி."

சீவெர்ட்டின் தங்கை யோருன் அக்கரையிலிருந்து அன்று வந்திருந்தாள். அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "கவலைப்படாதீங்க அண்ணி, என் வெள்ளைக் கார் இருக்கு. ரிப்பன் கட்டிடலாம். சீட்டு தானா சூடாகும்."

ரன்வெய் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "ஜூன் மாசத்துல எனக்கு எதுக்குடி சூடு?"

லாயம் இருந்தது. ரன்வெய்யின் அப்பா காலத்துக் கட்டடம். அதில் மீன்வலையும் உடைந்த தொட்டிலும் ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டையும் அடைந்து கிடந்தன. அவற்றை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு வைக்கோல் பரப்பினாள். சாயங்காலம் டொக்காவை வாசலுக்குக் கூட்டி வந்தாள். டொக்கா கதவைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். எங்கள் ஜூன் மாதத்தில் எந்நேரமும் வெளிச்சம்தான். சூரியன் மலைக்குப் பின்னால் எட்டி முகம் கழுவிவிட்டுத் திரும்பி வந்துவிடும். புல்லும் தூங்காது. இரவே வராத ஊரில் ராத்திரியாகிவிட்டது உள்ளே வா என்றால் எந்தக் குதிரை நம்பும்?

ரன்வெய் அவளை இழுக்கவில்லை. அடிக்கவில்லை. ஊறிய உலர்புல்லை வாசற்படிக்கு வெளியே வைத்தாள். மறுநாள் படிமேல் வைத்தாள். அதற்கடுத்த நாள் படிக்கு உள்ளே. டொக்கா கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டித் தின்றாள், கால் மட்டும் வெளியே. ரன்வெய் உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கல்யாணச் சமையல் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒருநாள் முன்னங்கால் இரண்டும் உள்ளே வந்தன. அப்படியே நின்றாள், முன்பாதி வீட்டிலும் பின்பாதி தோட்டத்திலுமாக.

பக்கத்துப் பண்ணை ஆன்ஃபின் டிராக்டரை நிறுத்தினான். ஆடு வளர்ப்பவன். அவன் ஆடுகளும் டொக்காவும் ஒரே புல்வெளியில்தான் மேய்வார்கள்.

"என்ன கல்யாணப் பொண்ணு, குதிரைல பாதிதான் உன்னோடதா?"

"மீதியைத் தவணையில வாங்கறேன். போய் உன் வேலையைப் பாரு."

வாரம் ஒன்று போவதற்குள் டொக்கா முழுசாக உள்ளே வந்து, திறந்த கதவுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, தின்றாள். ரன்வெய் மெதுவாகக் கதவைப் பாதி சாத்திப் பார்த்தாள். டொக்கா காதை மட்டும் திருப்பினாள். அன்று ரன்வெய் என் வீட்டுக்கு ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் கனமானவள். இருவரும் உருளைக்கிழங்குச் செடிமேல் விழுந்தோம்.

இந்த இடத்தில்தான் ஊர் உதவிக்கு வந்தது.

நார்வேக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன். ஒருத்தருக்குச் சிரமம் என்றால் எங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, வாளி தூக்கத் தெரியும். ஊர்கூடிக் கூலியில்லாமல் செய்கிற வேலைக்குத் துக்னாட் என்று பெயர். ஹெர்போர்க் எல்லாருக்கும் ஆள் அனுப்பினாள். "அக்கரைக்காரங்க வந்து பாக்கப் போறாங்க. நம்ம பொண்ணோட லாயம் இப்படியா இருக்கணும்? அவ உடை தைக்க அளவு குடுக்கப் போயிருக்கா. வர்றதுக்குள்ள முடிச்சுடணும்!"

வாஃபிள் அப்பத்துக்கு மாவு கரைத்தது நான். மற்றவர்கள் கதவைக் கழற்றிக் கழுவினார்கள். தரையைப் பச்சைச் சோப்பு போட்டுத் தேய்த்தார்கள். எத்தனையோ தலைமுறைக் குதிரைகளின் வாசனை நுரையாக ஃபியோர்டுக்கு ஓடியது. பழைய வைக்கோல் போயிற்று, ஒட்டடை போயிற்று, சுவரெல்லாம் சுண்ணாம்பு ஏறியது. ஹெர்போர்க் ஜன்னலுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்து மாட்டினாள். கை இடுப்பில் வைத்துச் சுற்றிப் பார்த்தாள்.

"என் வீட்டுக் குளியலறைகூட இப்படி இருக்காது."

ரன்வெய் சாயங்காலம் வந்தாள். வாசலில் நின்றாள். சோப்பு வாசனை கண்ணை எரித்தது. அவள் முகத்தில் ஏதோ வந்து போயிற்று. ஆனால் இடுப்பொடிய உழைத்தவர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது என்ன சொல்வாள்? ஹெர்போர்க்கின் கன்னத்தில் முத்தம் வைத்து, "அழகா இருக்கு" என்றாள்.

"குதிரையைக் கூட்டிட்டு வா! அவ மூஞ்சியைப் பாக்கணும்!"

கூட்டி வந்தாள். டொக்கா படியில் நின்றாள். மூக்கை நீட்டினாள். மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து எல்லாப் பல்லையும் காட்டினாள்.

"சிரிக்கிறா! சிரிக்கிறா!" என்றாள் ஹெர்போர்க்.

சிரிக்கவில்லை. ஒரு பீரங்கிச் சீற்றம். பின்னங்காலில் சுழன்றாள். கயிறு ரன்வெய்யின் கையிலிருந்து பறந்தது. வாஃபிள் மேசை ஒருபக்கம், நான் ஒருபக்கம். வேலியைத் தாண்டினாள். அத்தனை வயிற்றோடும் தாண்டினாள், அதை நான் பார்த்தேன். ஹெர்போர்க்கின் காய்கறித் தோட்டத்தின் குறுக்கே போய், சாலையில் இறங்கி, படகுத்துறையை நோக்கி ஒரே ஓட்டம். பின்னால் ரன்வெய். அவளுக்குப் பின்னால் நான், கையில் கரண்டியோடு.

துறையில் ஃபெர்ரி புறப்படத் தயாராக நின்றது. சீவெர்ட்டின் ஃபெர்ரி. வண்டிகள் ஏறி முடிந்திருந்தன. மறுகோடியில் ஆன்ஃபினின் டிராக்டர். கோடை மேய்ச்சலுக்கு அக்கரை மலைக்குப் போகிற ஆடுகள் நிறைந்த ட்ரெய்லர் அதன் பின்னால். டொக்கா பயணச்சீட்டு வாங்கினவள் மாதிரி சாய்தளத்தில் ஏறி உள்ளே போனாள். நாங்களும் குதித்து ஏறினோம். எங்களுக்குப் பின்னால் கதவு மேலே எழும்பிவிட்டது.

மேலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கவனத்துக்கு. வாகனத் தளத்துல ஒரு குதிரை இருக்கு. பயப்பட வேணாம். அது யாரோடதுன்னு எனக்குத் தெரியும். அவங்களைத்தான் நான் கட்டிக்கப்போறேன்."

யாரோ ஒரு காரிலிருந்து ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள்.

ரன்வெய்க்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வந்தன. "போச்சு. எல்லாம் போச்சு. இனிமே அவ எந்தக் கதவுக்குள்ளயும் காலை வைக்க மாட்டா. சூடான சீட்டுதான் எனக்கு விதிச்சிருக்கு."

கார்களுக்கு நடுவே புகுந்து கடைசிவரை போனோம். போய்ப் பார்த்தால், டொக்கா ஆட்டு ட்ரெய்லரின் மரச்சட்டங்களுக்கு இடையே மூக்கை நுழைத்து வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒரு கிழட்டுச் செம்மறி அவள் நெற்றியை மோந்துகொண்டிருந்தது. டொக்காவின் கீழுதடு தொங்கிவிட்டது. ஒரு பின்னங்கால் தளர்ந்து நுனியில் நின்றது. கண் பாதி மூடியிருந்தது.

ரன்வெய் என் கையைப் பிடித்தாள். "மேல பாரு."

இரும்புக் கூரை.

"சுத்திப் பாரு. நாலு பக்கமும் சுவரு. கீழ இரும்பு. எஞ்சின் உறுமுது. இவ என்னடான்னா தூங்கறா!"

ஆன்ஃபின் டிராக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "என் ஆடுங்களை வழியனுப்ப வந்திருக்காளோ?"

"ஆன்ஃபின்," என்றாள் ரன்வெய். குரல் மாறியிருந்தது. "அவளுக்குக் கூரை பயமில்ல. தனியா இருக்கிறதுதான் பயம். லாயத்துல பழைய வாசனையாவது துணைக்கு இருந்துச்சு. அதையும் கழுவிட்டோம். அந்தக் கிழவியை எனக்குக் குடேன்."

"எதை? பேராயரம்மாவையா?" அந்த ஆடு நடக்கிற மிடுக்குக்கு அவன் வைத்த பெயர் அது. "கால் நொண்டி. மலைக்குப் போனாலும் பாறைமேல நின்னு மத்ததுக்கு உபதேசம்தான் பண்ணும். எடுத்துக்கோ. ஆனா சொல்லிட்டேன், அது யாரையும் மதிக்காது."

"பொருத்தம் அமோகம்" என்றேன் நான்.

அதே ஃபெர்ரியில் திரும்பி வந்தோம், ஒரு குதிரை, ஒரு பேராயரம்மா, ஒரு கரண்டியோடு.

மிச்சமிருந்தது ஹெர்போர்க்கிடம் சொல்வது. ரன்வெய் தயங்கித் தயங்கிச் சொன்னாள். லாயத்தை மறுபடி அழுக்காக்க வேண்டும் என்று.

ஹெர்போர்க் கையை இடுப்பில் வைத்தாள். "நான் தேய்ச்ச தரையில நானே சாணி போடணுமா? வெளியில தெரிஞ்சா என் பேர் என்ன ஆகும்?"

"பேர் போகாதுடி. துக்னாட்னு சொல்லிக்கலாம்" என்றாள் ரன்வெய்.

மறுநாள் காலை அதே ஆட்கள் வந்தார்கள், வாளிக்குப் பதில் தள்ளுவண்டிகளோடு. குன்றிலிருந்து டொக்கா படுத்துப் புரண்ட மண் வந்தது. ஆன்ஃபினின் கொட்டிலிலிருந்து பழைய வைக்கோல், சிறுநீர் வாசனை கம்மென்று வீச, வந்தது. ஹெர்போர்க் முதலில் கையுறையோடு ஒரு சின்ன உருண்டையை எடுத்து, சுண்ணாம்புச் சுவரில் ஒற்றினாள், அப்பத்துக்கு வெண்ணெய் தடவுவதுபோல. தள்ளி நின்று பார்த்தாள். இன்னொன்று எடுத்தாள். அதை எறிந்தாள். பொத்தென்று ஒட்டியது.

"அய்யய்யோ" என்றாள். அடுத்ததைப் பெரிதாக எடுத்தாள். "அய்யய்யோ, இவ்வளவு காலமா துடைச்சே செத்தேனே! இது இவ்வளவு சுகம்னு ஒருத்தியும் சொல்லலியே!" கடைசியில் அவளைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. போஸ்ட்மாஸ்டரின் தொப்பியில் ஒன்று விழுந்திருந்தது.

அன்று சாயங்காலம் பேராயரம்மா நொண்டிக்கொண்டே, ஆனால் மிடுக்குக் குறையாமல், லாயத்துக்குள் முதலில் போயிற்று. டொக்கா படியில் நின்று மோந்தாள். பெருமூச்சு விட்டாள். பின்னாலேயே போய்விட்டாள். ரன்வெய் கதவைப் பாதி சாத்தினாள். அடுத்த நாள் முக்கால். அப்புறம் ஒருநாள் தாழ்ப்பாள் விழுந்த ஓசை கேட்டது, உள்ளேயிருந்து சலனமில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். ஆடு படுத்திருந்தது. டொக்கா நின்றுகொண்டு ஹெர்போர்க்கின் திரைச்சீலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

கல்யாண வாரத்தில் சூல்ஃப்ரிட் வந்தாள். நேராக டொக்காவின் கழுத்தை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ரன்வெய் என் விரலை நசுக்கிக்கொண்டிருந்தாள். சூல்ஃப்ரிட் குளம்பைத் தூக்கித் தட்டிப் பார்த்தாள், நடக்கவிட்டுப் பார்த்தாள், மூக்கைச் சொறிந்தாள்.

"ம். ஏறிக்கோ. தேவாலயம் மட்டும்தான். மலை தாண்டி ஊர்வலம் வேணாம்."

நாங்கள் கத்திய கத்தலில் பேராயரம்மா எழுந்து வெளியே வந்து எங்களைக் கண்டிப்பாகப் பார்த்தது.

சனிக்கிழமை பிறந்தது. மழை இல்லை. எங்கள் கரையில் அதுவே பாதி ஆசீர்வாதம். சேணத்தைப் போட்டோம். டொக்கா வயிற்றை உப்பிக்கொண்டாள், தெரியாதா என்ன. ஆன்ஃபின் காத்திருந்தான். அவள் மூச்சை விட்டதும் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டிவிட்டான். ரன்வெய் வெளியே வந்தாள். சிவப்பு மேற்சட்டை, இடுப்பில் கட்டிய வெள்ளை முன்துணி, தலையில் வெள்ளிக் கிரீடம். அதன் தொங்கல்கள் அவள் மூச்சுக்கு மூச்சு சிணுங்கின. ஃபெர்ரிச் சீருடையில் சீவெர்ட் வாயடைத்து நின்றார். ஒலிபெருக்கி இல்லாததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிடில்காரர் வில்லை உயர்த்தினார். எல்லாரும் தயார். ரன்வெய் வேகமாக நடந்து வந்து, டொக்காவின் தலைக்குப் பக்கத்தில் நின்று, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தேவாலயம் இருக்கும் திசையைப் பார்த்துத் தயாரானாள்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அடியே!" என்று ஹெர்போர்க் கூவினாள். "நீ மேல ஏறணும்டி!"

ரன்வெய் கையிலிருந்த கடிவாளத்தைப் பார்த்தாள். காது நுனிவரை சிவந்தாள். ஊரே வெடித்துச் சிரித்தது. பிடில்காரர் வில்லைக் கீழே விட்டுவிட்டார்.

"சரி, அப்ப இதை யார் பிடிக்கிறது?" என்றாள் ரன்வெய்.

அதை யாருமே யோசித்திருக்கவில்லை. ஆன்ஃபின் ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். அது கூட வராவிட்டால் டொக்கா வாசலைத் தாண்ட மாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சீவெர்ட்டுக்குக் குதிரை என்றாலே வியர்க்கும். அப்போது யோருன், பட்டுச் செருப்போடு, சாணியைச் சுற்றிச் சுற்றி நடந்து முன்னால் வந்தாள்.

"குடுங்க அண்ணி. எனக்குக் குதிரை தெரியாது. ஆனா நடக்கத் தெரியும்."

ரன்வெய் அவளைக் கட்டிக்கொண்டாள். கிரீடம் யோருனின் தலைமுடியில் மாட்டிக்கொண்டு, அதை விடுவிக்க ஒரு துக்னாட் தேவைப்பட்டது. பிறகு நாங்கள் நாலு பேர் சேர்ந்து மணப்பெண்ணை மேலே ஏற்றினோம்.

முன்னால் பேராயரம்மா, அதற்குப் பின்னால் பிடில், பிறகு டொக்கா. ரன்வெய் நேராக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மெல்லத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன். மேலிருந்து அவள் சிரிப்பு இறங்கி வந்தது.

"என்னடி தெரியுது?" என்றேன்.

"எல்லா ஆம்பளைங்க வழுக்கையும் தெரியுது! ஃபியோர்டு தெரியுது. ஹெர்போர்க் வீட்டுக் கூரைமேல ஒரு ஒத்தை பூட்ஸு கிடக்குது. யாருதுன்னு கேளு!"

தேவாலய வாசலில் பாதிரியார் கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். சீவெர்ட் இறக்கிவிட இரண்டு கையையும் நீட்டினார். ரன்வெய் கீழே அவரைப் பார்த்தாள். அன்பாகத்தான் பார்த்தாள்.

"இன்னொரு சுத்து" என்றாள்.

"ரன்வெய், பாதிரியார் காத்துட்டிருக்காரு."

"அவருக்குப் போக வேற இடம் இருக்கா? யோருன், நடம்மா. தேவாலயத்தைச் சுத்தி."

யோருன் பட்டுச் செருப்பைக் கழற்றிப் பாதிரியார் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். பிடில்காரர் மெட்டை முதலிலிருந்து எடுத்தார். மணி அடிப்பவருக்கு எப்போது நிறுத்துவதென்று தெரியாததால் அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லாரும், சீவெர்ட்டும்தான், சிரித்துக்கொண்டே பின்னால் போனோம். ஒரு சுற்று முடிந்து வாசல் வந்ததும் மேலேயிருந்து குரல் கேட்டது.

"நிக்காத, நிக்காத!"